வகுப்புப் பயிற்சியா, ஆராய்ச்சியா? எத்திக்ஸ் கமிட்டியிடம் எப்போது போக வேண்டும்

செவிலியர் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம், விடுதி மாணவர்களின் தூக்கம், மனச்சோர்வு பற்றி என் வகுப்பை ஒரு சர்வே எடுக்கச் சொன்னேன். நன்றாக வந்தது என்று கருத்தரங்குக்கு அனுப்பினால், “எத்திக்ஸ் அனுமதி எண்?” என்று கேட்டார்கள். ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று முன்கூட்டியே பார்த்து அனுமதி தருவதுதான் எத்திக்ஸ் கமிட்டியின் வேலை. தகவல் திரட்டி முடித்த பிறகு எந்தக் கமிட்டியும் அனுமதி தராது, தரவும் கூடாது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக, இப்போது நான் செய்யும் வரிசையை எழுதுகிறேன்.

1. இந்தத் தகவல் வகுப்பறையைத் தாண்டுமா என்று கேளுங்கள்.
மாணவர்கள் ஒருவருக்கொருவர் பிபி பார்த்துப் பழகுகிறார்கள், பேட்டி எடுத்துப் பழகுகிறார்கள், அதோடு சரி என்றால் அது பயிற்சி. டெசர்டேஷன், போஸ்டர், கட்டுரை என்று போகுமென்றால் ஆராய்ச்சி. “பின்னால் உதவலாம்” என்று தோன்றினாலே முன்கூட்டி விண்ணப்பித்துவிடுங்கள்.

2. விலக்கை நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள்.
ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் விலக்கு (மதிப்பாய்வு தேவையில்லை என்பது), விரைவு மதிப்பாய்வு, முழுக் குழு மதிப்பாய்வு என மூன்று வழிகள் உண்டு. கற்பித்தல் முறைகளை ஒப்பிடுவது விலக்குக்கான உதாரணங்களிலேயே இருக்கிறது. பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். விலக்கு கிடைக்க ஆபத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஆளை அடையாளம் காட்டும் விவரம் இருக்கக் கூடாது. விலக்கு உண்டா என்று சொல்ல வேண்டியதும் கமிட்டிதான்.

3. கேள்வித்தாளை வரி வரியாகப் பாருங்கள்.
பதிவு எண்ணை எடுத்துவிடுங்கள். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை அணையுங்கள். அப்புறமும் போதாது: 60 பேரில் ஆண்கள் நான்கே பேர் என்றால் “ஆண், வயது 21” என்பதே பெயர் மாதிரிதான்.

மனச்சோர்வை அளக்கப் பலரும் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரங்களில் வந்ததா என்று கேட்கிறது. என் முதல் சர்வேயில் அதற்கு ஒருவர் “ஏறக்குறைய தினமும்” என்று குறித்திருந்தார். நான் அதைத் திறந்து பார்த்தது ஒன்பது நாள் கழித்து. பெயர் இல்லை. விடுதியில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினேன். அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால், பதில்களைத் தினமும் பார்ப்பது யார், அப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வது என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். படிவத்தின் அடியில் அரசின் இலவச மனநல உதவி அழைப்பான டெலி மானஸின் எண் 14416ஐப் போட்டால் மட்டும் பொறுப்பு தீராது. பெயரை வாங்கினால் ரகசியம் போகும், வாங்காவிட்டால் உதவ முடியாது. அந்தக் கேள்வி உண்மையிலேயே வேண்டுமா என்று கமிட்டியோடு பேசி முடிவெடுங்கள்.

4. மார்க் போடும் கை ஒப்புதல் வாங்கக் கூடாது.
இன்டர்னல் மார்க் உங்களிடம் இருக்கும்போது மாணவர் எப்படி “முடியாது” என்பார்? வேறு துறையினர் ஒருவர் வாங்கட்டும். யார் சேர்ந்தார்கள் என்பது மதிப்பெண் போட்டு முடியும்வரை உங்களுக்குத் தெரிய வேண்டாம். முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும்.

5. விண்ணப்பியுங்கள்.
உடல்நலம் சார்ந்த ஆய்வு என்றால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவான கமிட்டியா என்று பாருங்கள். உங்கள் கல்லூரியில் கமிட்டி இல்லையென்றால் ஒப்பந்தம் போட்டு வேறு நிறுவனத்தின் கமிட்டியை நாடலாம்.

கமிட்டியின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே சர்வே லிங்க்கை வாட்ஸ்அப்பில் போடுங்கள். நடுவில் ஒரு கேள்வியைச் சேர்த்தாலும் திருத்தத்துக்கு மறுபடி எழுதிக் கேட்க வேண்டும்.