டிஸ்க்கில் எழுதிவைப்பவர்கள் செய்யும் தவறுகள்

அக்கா மகன் போன வாரம் குடும்பப் போட்டோக்களை சிடி, டிவிடி டிஸ்க்கில் எழுதிவைக்க உட்கார்ந்தான். இருபது வருடத்துக்கு முன்னால் நான் சொதப்பியதையெல்லாம் வரிசை மாறாமல் செய்கிறான். கீறல் விழக்கூடாது, விரல் படக்கூடாது என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டிக்கர் ஒட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். பாட்டி பாடிய கேசட்டை சிடியாக மாற்றினேன். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிடிக்கு அழகாக வட்டக் காகித லேபிள் ஒட்டினேன். ஐப்பசி மழைக்குச் சென்னையில் சுவரே வியர்க்கும். லேபிள் ஓரம் நெளிந்து தூக்கிக்கொண்டது. ட்ரைவில் போட்டால் கரகரவென்று சத்தம். சரி, பிய்த்துவிடலாம் என்று இழுத்தேன். வெள்ளிப் படலமும் சேர்ந்து உரிந்து வந்தது. சிடியை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் எதிர்வீட்டு மொட்டைமாடி தெரிந்தது.

பளபளக்கும் அடிப்பக்கத்தில்தான் பதிவு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1.2 மி.மீ. தடிமனில் அநேகமாக முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். பதிவைத் தாங்கும் சாயமும் உலோகப் படலமும் இருப்பது மேல்பக்கம், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். பால்பாயின்ட் பேனாவை அழுத்தினாலே போச்சு. டிவிடியில் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே பதிவு இருப்பதால் இப்படி உரியாது. ஆனால் ஈரம் குடித்த காகிதம் தகட்டை வளைக்கும், சுற்றும்போது ஆட்டும். பெயர் எழுதியே ஆகவேண்டுமென்றால், துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் தண்ணீர் சார்ந்த மை உள்ள மார்க்கரால் எழுதுங்கள்.

பரணில் போடுவது

மொட்டைமாடித் தளத்துக்கு நேர்கீழே மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட கையேடு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்கிறது. நமக்கு அது நடக்கிற காரியமில்லை. வெயில் படாத அறை, பீரோ, மூடிய டப்பா, உள்ளே சிலிகா ஜெல். தரைத்தள வீடென்றால் பீரோவின் கீழ்த்தட்டு வேண்டாம். 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கட்டும்.

ரீரைட்டபிள் (அழித்து மீண்டும் எழுதும்) டிஸ்க்

வேண்டாம்.

விளிம்பு வரை நிரப்புவது

பதிவு உள்ளிருந்து வெளியே போகும். தொல்லை பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். 4.7 ஜிபி டிவிடியில் நான் 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்வேன்.

எழுதியதும் எடுத்துவைப்பது

எழுதியது சரியா என்று பார்க்க மென்பொருளில் வெரிஃபை கொடுங்கள். அப்புறம் வேறொரு ட்ரைவிலும் திறந்து பாருங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, "லேபிள் பிரின்ட் எடுத்துட்டேனே மாமா" என்றான். டப்பா மேல் ஒட்டச் சொன்னேன்.