காலேஜைப் பார்க்கும் முன் பூத்தை எண்ணுங்கள்

43 வயதில், அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாலை நேர வெல்டிங் வகுப்பில் சேர்ந்தேன். ஊரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து 11 வருடம் வரைபடம் போட்டவள் நான். வெல்ட் குறியீடுகள் அத்தனையும் தெரியும், ஆனால் வெல்ட் செய்ய உருக்குகிற பூச்சுக் கம்பியான ராடைக் கையில் பிடித்ததே இல்லை. சேர நினைப்பவர்களுக்கு, எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்களை எழுதுகிறேன்.

காலேஜின் விளம்பரத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்துப் பட்டறைக்குப் போங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பூத், அதாவது ஒருவர் நின்று வெல்ட் செய்கிற தடுப்பறை எத்தனை, மாணவர் எத்தனை என்று எண்ணுங்கள். நான் முதலில் பார்த்த இடத்தில் 10 பூத்துக்கு 22 பேர். 4 மணி நேர வகுப்பில் பாதி நேரம் சுவரில் சாய்ந்து நின்று முறைக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாவதாகப் பார்த்த இடம் 40 நிமிடம் தள்ளி இருந்தது, ஆனால் ஆளுக்கொரு பூத். அங்கேதான் சேர்ந்தேன். வெல்டிங் கையால் கற்கிற தொழில். ஆர்க், அதாவது இரும்பை உருக்கும் மின்பொறி, எரிகிற நேரம்தான் படிப்பு.

போன இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: 7018 என்ற வகை ராடை வைக்கிற ஓவன், அதாவது சூட்டுப்பெட்டி, சூடாக இருக்கிறதா? அந்த ராடின் பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், ஆறிய பிறகு விரிசல் விடும். அதனால்தான் பெட்டியைப் பிரித்த பிறகு 250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத சூட்டில் வைக்கச் சொல்கிறது, கட்டுமான இரும்புக்கான டி1.1 விதிநூல். ஓவனை அணைத்துப் போட்டிருக்கிற பட்டறையில் மற்ற ஒழுங்கும் அப்படித்தான் இருக்கும் என்பது என் கருத்து. வெல்ட் செய்த துண்டுகளை வளைத்துச் சோதிக்கும் இயந்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பணம். அரசின் கல்வி உதவித்தொகையான பெல் கிராண்ட் 2024-25 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் ஃபாஃப்சா என்கிற உதவித்தொகைப் படிவத்தை நிரப்பி விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு வழக்கமான பெல் கிராண்ட் கிடைக்காது, இந்தியாவில் வாங்கிய பட்டமாக இருந்தாலும். நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது பொருந்தும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருப்பவர்கள் படிக்கலாம், வேலைக்குப் போகத் தனியாக அனுமதி வேண்டும். சரி, இதை இதோடு விடுகிறேன்.

உடுப்பில் பருத்தியும் தோலும் மட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முடியை உள்ளே கட்டுங்கள். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு அடுத்தவர் ஆர்க்கை எட்டிப் பார்க்காதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது, நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரியும். 40 வயதைத் தாண்டியவர்கள் முதல் நாளே ஒரு சீட்டர் லென்ஸ் வாங்கிவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் பொருத்துகிற உருப்பெருக்கிக் கண்ணாடி அது. முதல் மூன்று வாரம் என் வெல்ட் வரி பாம்பு போல நெளிந்தது. கை நடுங்குகிறது என்று நினைத்து ராத்திரியெல்லாம் பேனாவைப் பிடித்துப் பழகினேன். ஒரு நாள் ஆசிரியர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உனக்குக் கை சரியாக இருக்கிறது, கண்தான் தெரியவில்லை" என்றார். 1.75 லென்ஸைப் போட்ட அன்றே வரி நேரானது. உருகி நிற்கிற இரும்புக் குழம்பின் ஓரம் அன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பார்க்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான், வெளிச்சத்தை அல்ல.

வாய்ப்பிருந்தால், துப்பாக்கி போன்ற கருவியிலிருந்து கம்பி தானாக வருகிற மிக் முறையை விட, ராடைக் கையால் பிடித்துப் போடுகிற ஸ்டிக் முறையில் தொடங்குங்கள். மிக்கில் அழகான வரி சீக்கிரம் வந்துவிடும், உள்ளே பிடிக்காமலே மேலே அழகாக உட்காரும். ஸ்டிக்கில் அவ்வளவு எளிதாக ஏமாற முடியாது. இருந்தாலும் நான் ஏமாந்தேன். அது 3ஜி என்கிற நிலை, அதாவது தகட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலே போடுவது. என் துண்டு கண்ணுக்கு அவ்வளவு சீராக இருந்தது. வீட்டுக்குப் படம் அனுப்பினேன். பட்டையாக அறுத்து இயந்திரத்தில் யு வடிவில் வளைத்தபோது நடுவில் வாய் பிளந்தது. காரணம், ராடு மாற்றிய இடத்தில் சிக்கிய ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு. ⅛ அங்குலத்துக்கு மேல் திறந்தால் தோல்வி, எனக்குத் திறந்தது அதைப் போல இரண்டு மடங்கு. நிறுத்திய முனையைக் கிரைண்டரால், அதாவது சாணை இயந்திரத்தால், சீவாமல் அதன் மேலேயே அடுத்த ராடைத் தொடங்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் வாரம் ஒரு துண்டையாவது நானே அறுத்து வளைத்தேன். தேர்வு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வெல்டை நீங்களே உடைத்துப் பாருங்கள். எங்கே உடைகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். என் நோட்டில் முதல் ஒன்பதில் ஆறு, ராடு மாற்றிய இடத்திலேயே உடைந்திருந்தன. 3ஜிக்குப் பிறகு தலைக்கு மேல் போடுகிற 4ஜி பயமுறுத்தும், ஆனால் ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்தால் குழம்பு கீழே விழாது.

புகையைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசினால் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2017-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாக வகைப்படுத்தியது. புகை உறிஞ்சுகுழாயை வேலைக்கு அருகில் இழுத்து வையுங்கள், தலையைப் புகைக்குள் விடாதீர்கள். துத்தநாகம் பூசிய இரும்பென்றால் பூச்சைச் சீவிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல்.

படிப்பு முடிகிற நேரத்தில் சான்றிதழ்த் தேர்வு எழுதுங்கள். ஆனால் அதைக் காட்டினால் வேலை என்று நினைக்காதீர்கள், பல இடங்களில் தங்கள் தகட்டைக் கொடுத்துப் போடச் சொல்வார்கள். நேர்முகத்துக்குப் போகும்போது ஹெல்மெட்டும் கையுறையும் காரில் இருக்கட்டும். டி1.1-ன்படி, தேர்ச்சி பெற்ற முறையில் (ஸ்டிக், மிக் போன்றவை) 6 மாதத்துக்கு மேல் வெல்ட் செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே எந்தத் தேதியில் எந்த முறையில் வெல்ட் செய்தீர்கள் என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்கி வையுங்கள்.