எலி வேட்டை: எந்த மாதம், எந்த வரப்பு

ஆத்தூர் பக்கம் வசிஷ்ட நதிப் பாசனத்தில் எனக்கு ரெண்டு ஏக்கர் நெல் வயல், அதை ஒட்டி மேட்டுக்காடு கொஞ்சம். ஒரு கார்த்திகையில் வரப்பில் நின்று பார்த்தால் பயிர் சுவர் மாதிரி நிற்கிறது, மனசுக்குள் மூட்டைக் கணக்கு போட்டுக்கொண்டே உள்ளே இறங்கினேன். நடு வயலில் கயிற்றுக் கட்டில் போடும் அளவுக்கு ஒரு இடம், அப்புறம் பத்தடி தள்ளி இன்னொன்று, எல்லாம் தூரோடு கத்தரித்துப் போட்டிருக்கிறது. வெட்டின தண்டு ஒவ்வொன்றும் அரிவாளால் சீவின மாதிரி சாய்வாக இருந்தது. அது எலி வெட்டு. ஓரப் பயிரைத் தொடாமல் நடுவில்தான் வெட்டும், அதனால் வரப்பில் நடக்கிறவன் கண்ணுக்குப் படாது. அந்த வருடம் பொறியும் மருந்தும் எவ்வளவு வைத்தும் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. பால் பிடிக்கிற கதிர் சுற்றி நிற்கும்போது நீங்கள் வைக்கிற பொரியை அது எதற்குத் தின்னப் போகிறது?

அதனால் முதலில் மாதத்தைப் பிடியுங்கள். சித்திரை, வைகாசிதான் சரியான காலம். வயல் காலி, தின்னக் கிடைப்பது குறைவு, மறைவதற்கும் பயிர் இல்லை, எலிகளின் எண்ணிக்கையும் வருடத்திலேயே அப்போதுதான் குறைவு. ஒரு பெட்டை எலி மூன்று வாரம் சுமந்து ஆறு முதல் பத்துக் குட்டி வரை போடும், அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும். சித்திரையில் ஒரு ஜோடியை விட்டால் கார்த்திகையில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோடை மழை ஒன்று பெய்ததும் ஆழமாக உழுதுவிட்டால் வயலுக்குள் இருக்கிற வளை எல்லாம் பிளந்துவிடும், மிச்சம் இருப்பது வரப்பில் இருப்பவை மட்டும்தான். எடப்பாடி, சங்ககிரி பக்கம் மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயை நம்பி இருக்கிறவர்களுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 1 வாக்கில் தண்ணீர் வரும், ஆகவே அவர்கள் ஜூலைக்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம். அதைத் தவறவிட்டால் நட்டதிலிருந்து ஒன்றரை மாதம் வரைக்கும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பயிர் பொதி கட்டின பிறகு, அதாவது தண்டுக்குள் கதிர் உருண்டு நிற்கும் பருவத்துக்குப் பிறகு, செய்வதெல்லாம் நம் ஆறுதலுக்குத்தான்.

இடம் என்றால், தண்ணீர் நிற்கிற வயலில் எலி குடியிருக்காது. சாப்பாடு வயலில், வீடு வரப்பில். அதிலும் அகலமான பழைய வரப்பு, ரெண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் யாரும் கை வைக்காமல் புதர் மண்டிக் கிடக்கிற பொழி, வாய்க்கால் கரை, வைக்கோல் போருக்கு அடி, களத்து ஓரம், தென்னை மட்டை குவித்து வைத்திருக்கும் மூலை, இதையெல்லாம் முதலில் பாருங்கள். நான் வரப்பை ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் விடுவதில்லை. மெலிந்த வரப்பில் அதற்கு அறை கட்ட இடம் கிடைக்காது.

எல்லா எலியும் ஒன்றில்லை. நெல் வயலில் பெரிய சேதம் பண்ணுவது கரம்பை எலி. நம்ம ஊரில் அதையும் பெருச்சாளி என்றே சொல்லிவிடுகிறோம், நிஜமான பெருச்சாளி அதைவிடப் பெரியது, வீட்டுச் சுவருக்கு அடியில் தோண்டுவது. கரம்பை எலியின் வளை வாயில் ஈர மண் குவிந்திருக்கும், உள்ளே போனதும் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். மேட்டுக்காட்டில் கடலை, சோளம் இருக்கிற இடத்தில் வெள்ளெலி. வயிறு வெள்ளை, வால் நுனியில் முடிக்கொத்து, வளை வாய் திறந்தே கிடக்கும். சுண்டெலியின் வளை விரல் நுழைகிற அளவுதான்.

வரப்பில் இருக்கிற எல்லா வளையிலும் எலி இருக்காது. தெரியாமல் தோண்டினால் ஒரு நாள் கூலி வீண். சாயங்காலம் ஒரு நடை போய், கண்ணில் படுகிற வாய் ஒவ்வொன்றையும் ஈர மண்ணால் மூடிக் காலால் மிதித்துவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள். திறந்து கிடப்பது குடியிருக்கிற வளை. புதிதாகத் தள்ளின மண் பனியில் கறுப்பாகத் தெரியும், வெயில் வந்துவிட்டால் எல்லா மண்ணும் ஒரே நிறமாகிவிடும். அங்கே ஒரு குச்சியை நட்டு வையுங்கள். எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு இந்த வேலையே தேவையில்லை, வரப்பில் மூக்கை வைத்துக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்று ஒரு காதை மட்டும் சாய்க்கும், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தோண்டுவது பகலில். ராத்திரி மேய்ந்துவிட்டு வந்து உள்ளே தூங்கும் நேரம் அது. ஆனால் மண்வெட்டியை எடுத்ததும் வாயிலிருந்து தோண்ட ஆரம்பிக்காதீர்கள். ஒரு வளைக்கு மூன்று நான்கு வாசல் இருக்கும், அதில் ஒன்று மேலே மெல்லிய மண் மூடி வெளியிலிருந்து தெரியாத வாசல், ஆபத்து என்றால் அதை முட்டிக்கொண்டுதான் ஓடும். அதற்குத்தான் புகை. அடியில் ஓட்டை போட்ட பழைய மண்பானையில் வைக்கோலும் காய்ந்த சாணியும் திணித்துப் பற்ற வைத்து, பானை வாயை வளை வாயோடு சேர்த்துச் சுற்றிலும் சேறு பூசி, பின்னால் இருக்கிற ஓட்டையில் ஊதுங்கள். கொஞ்ச நேரத்தில் வரப்பின் அந்தப் பக்கம், நீங்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் புல்லுக்குள்ளிருந்து நூல் மாதிரி புகை கிளம்பும். அங்கே ஒரு ஆள் வலையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற வாய்களை எல்லாம் அடைத்துவிட்டு அப்புறம் தோண்டுங்கள். அறுவடை முடிந்த உடனே தோண்டினால் உள் அறையில் கதிரை நறுக்கி அடுக்கி வைத்திருக்கும், ஒரே வளையில் அரைப் படி நெல் எடுத்திருக்கிறேன்.

கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், எலி போன வளையில் பாம்பு தங்கவும் செய்யும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் மூன்றும் நம் பக்கம் உண்டு. வரப்பு ஓரம் சாரைப்பாம்பைப் பார்த்தால் அடிக்க வேண்டாம், அது நமக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறது.

தோண்ட முடியாத இடத்தில் கிட்டி என்கிற பொறி. மூங்கிலில் வில் மாதிரி வளைத்துக் கயிறு கட்டின தஞ்சாவூர்க் கிட்டியைத்தான் சொல்கிறேன். இதை வயல் நடுவில் நட்டுப் பிரயோசனமில்லை. எலி தினமும் ஒரே தடத்தில்தான் போய்வரும், வரப்பு ஓரம் புல் படுத்து, மண் வழவழவென்று ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டில் வையுங்கள். முதல் ரெண்டு மூன்று நாள் கிட்டியைப் பூட்டாமல் பொரியோ வறுத்த கடலையோ மட்டும் வைத்துப் பழக்குங்கள், புதுப் பொருள் எதைக் கண்டாலும் எலி முதலில் ஒதுங்கிப் போகும். அப்புறம் சாயங்காலம் பூட்டி விடியற்காலையில் எடுத்துவிடுங்கள், தாமதமானால் காக்காயும் நாயும் மாட்டும்.

மரவள்ளியில் செடி அடியில் மண் பறித்துக் கிழங்கு கடிபட்டிருந்தால் எலியா, வேறு ஏதாவதா என்று பாருங்கள். சேர்வராயன் மலை அடிவாரத்தில் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு முள்ளம்பன்றித் தொல்லை உண்டு. வளை வாய் வாளி நுழைகிற அளவு இருந்தாலோ பக்கத்தில் கருப்பு வெள்ளை முள் கிடந்தாலோ அங்கே மண்வெட்டி போடக் கூடாது. முள்ளம்பன்றி, முயல், உடும்பு எல்லாம் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தென்னையில் குரும்பை ஓட்டையோடு விழுந்தால் அது மரம் ஏறுகிற எலி, தரையிலிருந்து ஆறடிக்கு மேல் ஒரு முழ அகலத்துக்குத் தகரம் சுற்றினால் ஏறாது. பக்கத்து மரத்து மட்டை உரசினால் தகரம் சுற்றியும் பயனில்லை.

கரண்டு கம்பி இழுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எலிக்கு என்று இழுத்த கம்பியில் தண்ணீர் கட்டப் போன சொந்தக்காரனே செத்த கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது, சட்டப்படியும் குற்றம். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடை. மற்ற மருந்துகளையும் இப்போது நான் வைப்பதில்லை, மருந்து தின்ற எலியைத் தின்று கூகை செத்தால் எனக்குத்தான் நஷ்டம். நட்ட பிறகு வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டு வைத்தால் ராத்திரி கூகை உட்கார்ந்து பார்க்கும். கதிர் முற்றும் நேரத்தில் அதைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் கொத்துகிற குருவி உட்காரும்.

இதையெல்லாம் நீங்கள் மட்டும் செய்தால் பக்கத்து வரப்பு எலி ஒரு வாரத்தில் காலி வளைக்குக் குடிவந்துவிடும். பொழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணனிடம் முன்கூட்டியே பேசி, பத்துப் பதினைந்து ஏக்கருக்கும் ஒரே நாளில் இறங்குங்கள். என் பக்கத்து நிலத்துக்காரர் முதல் வருடம் சிரித்தார், ரெண்டாம் வருடம் பானையோடு வந்தார்.

பிடித்த எலிகளை வாய்க்காலில் வீசாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டிக்கொண்டு இறங்குங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். அடுத்த ரெண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் எலி வளை தோண்டினதை மறக்காமல் சொல்லுங்கள்.