பூச்சி ஆர்என்ஏ நல்லா இருக்கான்னு ஜெல்ல பாக்குறது எப்படி

ஜெல்ல 28எஸ் (ரைபோசோமோட பெரிய ஆர்என்ஏ) பேண்டே, அதாவது அதோட கோடே காணோம்னு சாம்பிள உடனே தூக்கி போட்டுறாதீங்க. நிறைய பூச்சிங்கள்ல 28எஸ் தயாராகுறப்பவே நடுவுல ஒரு சின்ன துண்டு வெட்டுப்பட்டு போயிடும், மிச்ச ரெண்டு பாதியும் ஹைட்ரஜன் பிணைப்புல ஒட்டிக்கிட்டு இருக்கும், நீங்க 70 டிகிரில சூடு பண்ணதும் பிரிஞ்சு ரெண்டுமே 18எஸ் (ரைபோசோமோட சின்ன ஆர்என்ஏ) பக்கத்துல வந்து நிக்கும். அதனால ஒரே சாம்பிள ரெண்டா பிரிச்சு ஒண்ண சூடு பண்ணியும் இன்னொண்ண சூடு பண்ணாம, ஃபார்மமைடும் (இதுவும் அந்த பிணைப்ப பிரிச்சு விடுற ரசாயனம்) சேக்காம, சாதா அகரோஸ் ஜெல்ல பக்கத்து பக்கத்துல ஓட்டுங்க. சூடு பண்ணாத லேன்ல 28எஸ் தெளிவா தெரிஞ்சா கவலையில்ல, ரெண்டுலயும் கீழ வரைக்கும் ஸ்மியர் (கோடா இல்லாம மங்கலா பரவுன தடம்) இழுத்திருந்தா தான் நிஜமாவே சிதைஞ்சிருக்கு. ஆர்ஐஎன் நம்பர (ஆர்என்ஏ எவ்வளவு முழுசா இருக்குன்னு மெஷின் போடுற மார்க்) இங்க நான் நம்பவே மாட்டேன், அது பாலூட்டிங்க ஆர்என்ஏவ வச்சு பழக்குனது. பட்டாணி அசுவினில இந்த வெட்டே கிடையாது, அதுல 28எஸ் காணோம்னா தாராளமா சந்தேகப்படுங்க.