புது ரூட்டில் பிசினஸ் கிளாஸ் போடும் முன்

புது சர்வதேச ரூட் தொடங்கியதும் பிசினஸ் கிளாஸுக்கு உடனே பணம் கட்டிவிடாதீர்கள், முதலில் எந்த ரக விமானம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு சீட் மேப்பை, அதாவது இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு வரிசையில் இருக்கைகள் 1-2-1 என்றால், அதாவது இரு ஜன்னலோரமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு என்றால், எல்லோருக்கும் நேராக நடைவழி கிடைக்கும். 2-2-2 என்றால் ஜன்னலோரம் இருப்பவர் நடுராத்திரியில் பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும், இரவுப் பயணத்தில் இது பெரிய தொல்லை. இருக்கை முழுப் படுக்கையாக விரியுமா என்பதும் முக்கியம்.

அப்புறம் லவுஞ்ச், அதாவது விமானம் ஏறும் வரை காத்திருக்க விமான நிலையத்தில் உள்ள தனி ஓய்வறை. சில நிறுவனங்களின் மலிவான பிசினஸ் 'லைட்' கட்டணத்தில் லவுஞ்ச் அனுமதி சேராது, கட்டண விதிகளை வரிவரியாகப் படியுங்கள். புதிதாகப் பறக்கத் தொடங்கிய ஊரில் நிறுவனத்துக்குச் சொந்த லவுஞ்ச் பெரும்பாலும் இருக்காது, வேறொருவருடைய லவுஞ்சுக்குத்தான் அனுப்புவார்கள். எந்த லவுஞ்ச், எந்த கேட் பக்கம், அழைப்புச் சீட்டு வேண்டுமா என்று செக்-இன் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.