தவக்காலத்துக்கு ஒரு வாசிப்புக் கணக்கு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் எதைப் படிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு: தாமஸ் கெம்பிஸின் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்ற கிறிஸ்தவப் பக்தி நூல். 15ஆம் நூற்றாண்டு நூல்தான், ஆனால் அதிகாரங்கள் பெரும்பாலும் சின்னவை. நான்கு பகுதிகளில் முதலாவதில் 25 அதிகாரம், இரண்டாவதில் 12, ஆக 37. தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று தொடங்கி, ஞாயிறுகளை விட்டுவிட்டு, நாளுக்கு ஒன்று படித்தால் புனித வாரப் புதனன்று சரியாக முடிந்துவிடும். ஒரு நாள் தவறினால் ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டலாம். பெரிய வியாழனுக்கு நற்கருணை பற்றிய நான்காம் பகுதியில் ஓர் அதிகாரம் போதும். புனித வெள்ளிக்கு யோவான் நற்செய்தி 18, 19. மூன்றாம் பகுதி ரொம்ப நீளம், 59 அதிகாரம். அதை உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். பழைய மொழிபெயர்ப்பு கையில் கிடைத்து, நடை கடினமாகத் தெரிந்தால் வாய்விட்டுப் படியுங்கள்.