டிஸ்க் கோல்ஃப் விதித் தேர்வு: புத்தகம் கையில் இருந்தும் தவறுவது எப்படி?

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கைக் கையால் வீசி, இயன்றவரை குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் விழச் செய்யும் ஆட்டம். 1976இல் எட் ஹெட்ரிக் தொடங்கிய தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம், சுருக்கமாக பி.டி.ஜி.ஏ., தன் விதிகளை ஆட்டக்காரர்கள் அறிந்திருக்கிறார்களா என்று பார்க்க இணையவழித் தேர்வு ஒன்றை நடத்துகிறது. தேறியவர் சான்றளிக்கப்பட்ட விதி அலுவலர் ஆகிறார். போட்டி இயக்குநராகப் பொறுப்பேற்பவருக்கு இந்தத் தகுதி கட்டாயம். உயர்நிலைப் போட்டிகளில் ஆடுபவர்களிடமும் இது கேட்கப்படுகிறது. விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்பதால் பலர் எந்தத் தயாரிப்பும் இன்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். விடை புத்தகத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த விதியின் கீழ் இருக்கிறது என்பதைக் கேள்வியில் விவரிக்கப்படும் நிலைமையைப் படித்து நாமே முடிவு செய்தாக வேண்டும். தவறுகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் நேர்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எல்லைக்கு வெளியே என்று அறிவிக்கப்பட்ட ஏரியின் பக்கமாக ஒருவர் வீசிய டிஸ்க் செல்கிறது. குழுவினர் தேடியும் அது கிடைக்கவில்லை. கேள்வியைப் படிப்பவரின் கண் ‘கிடைக்கவில்லை’ என்ற சொல்லில் நிற்கிறது. உடனே தொலைந்த டிஸ்க் பற்றிய விதியைத் திறந்து, மூன்று நிமிடத் தேடல், ஓர் அபராத வீச்சு, முந்தைய இடத்திலிருந்து மறுபடி வீசுதல் என்று விடையைக் குறித்துவிடுகிறார். ஆனால் எல்லைக்கு வெளியே பற்றிய விதியை முதலில் படித்திருந்தால், கண்டெடுக்க முடியாத டிஸ்க் எல்லைக்கு வெளியேதான் போய் நின்றது என்பதற்கு உறுதியான சான்று இருந்தால் அது எல்லைக்கு வெளியே சென்றதாகவே கொள்ளப்படும் என்பதும், அத்தகைய சான்று இல்லாதபோதுதான் அது தொலைந்ததாகிறது என்பதும் தெரிந்திருக்கும். நீரில் விழுந்ததை இரண்டு பேர் பார்த்தார்கள் என்று கேள்வியிலேயே ஒரு வரி இருந்தால், விடை அந்த வரியில் அடங்கிவிடுகிறது. இரண்டு விதிகளிலும் அபராதம் ஒன்றுதான் என்றாலும், அடுத்த வீச்சு எங்கிருந்து என்பது மாறும். எல்லைக்கு வெளியே சென்ற டிஸ்க்குக்கு, அது கடைசியாக எல்லைக்குள் இருந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் வரை உள்ளே வந்து ஆடும் வாய்ப்பு உண்டு.

எல்லைக்கோடு பற்றிய கேள்விகளும் இவ்வாறே வழுக்குகின்றன. மற்ற விளையாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள், கோட்டைத் தொட்டாலே உள்ளே என்றோ, கோட்டைத் தொட்டாலே வெளியே என்றோ தாம் அறிந்த வழக்கத்தைக் கொண்டு விடை சொல்லிவிடுகிறார்கள். இங்கே விதி இரண்டு பகுதிகளாக இருக்கிறது: கோடு எல்லைக்கு வெளியேயுள்ள பகுதியைச் சேர்ந்தது, டிஸ்க் முழுவதுமாக வெளிப்பகுதியால் சூழப்பட்டிருந்தால்தான் அது எல்லைக்கு வெளியே. ஆகவே கோட்டின் மேலேயே முழுமையாகப் படுத்திருக்கும் டிஸ்க் வெளியே. அதன் விளிம்பு கோட்டைக் கடந்து உட்பக்கம் சிறிதளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் அது உள்ளே. ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் பாதிக் கேள்விகளைச் சரியாகவும் மீதியைத் தவறாகவும் எழுதுவார். அவருக்குத் தாம் எங்கே பிழைத்தோம் என்பதே புலப்படாது.

மரத்தில் தொங்கும் டிஸ்க் தேர்வில் கேட்பதற்கு வாகான நிலைமை. இரண்டு மீட்டருக்கு மேல் நின்றால் அபராதம் என்பது பழைய ஆட்டக்காரர்களின் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. இன்றைய விதியின்படி, போட்டி இயக்குநர் அதை அறிவித்திருந்தால் மட்டுமே அந்த அபராதம் நடைமுறைக்கு வரும். கேள்வியில் அந்த அறிவிப்பு பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால், அபராதம் இல்லை என்றே கொள்ள வேண்டும். இன்னும் நுட்பமாகக் கேட்பதென்றால், மரம் எல்லைக்கு வெளியே உள்ள நீருக்கு மேலே வளைந்திருக்கும், இரண்டு மீட்டர் விதியும் அறிவிக்கப்பட்டிருக்கும். அங்கே இரண்டு அபராதங்களைக் கூட்டுபவர்கள் ஏராளம். டிஸ்க் எல்லைக்கு வெளியே இருப்பதற்கான ஓர் அபராதம் மட்டுமே உண்டு.

கணக்கில் பிழைப்பது இன்னொரு வகை. இது விதி தெரிந்தவர்களையே அதிகம் வீழ்த்துகிறது. டீயிலிருந்து, அதாவது தொடக்க இடத்திலிருந்து, வீசிய முதல் வீச்சு எல்லைக்கு வெளியே போகிறது. ஆட்டக்காரர் மறுபடி டீயிலிருந்தே வீசுகிறார். அடுத்த வீச்சில் டிஸ்க் கூடைக்குள் விழுகிறது. அவர் கையால் வீசியது மூன்று முறை, அபராதம் ஒன்று, ஆகவே அந்தக் கூடைக்கான கணக்கு நான்கு. கேள்வி ‘மொத்தக் கணக்கு என்ன’ என்று கேட்கிறதா, ‘அடுத்து வீசப்போவது எத்தனையாவது’ என்று கேட்கிறதா என்பதைப் பார்க்காமல் விடுவதால்தான் ஒன்று கூடியோ குறைந்தோ விடுகிறது. தாளில் வீச்சுக்கு ஒரு கோடும் அபராதத்துக்கு ஒரு புள்ளியும் இட்டுக்கொண்டு எண்ணினால் போதும்.

எதற்கு முதலில் எச்சரிக்கை, எதற்கு நேரடி அபராதம் என்பதைக் குழப்பிக்கொள்வதும் வழக்கமான தவறு. அதிக நேரம் எடுத்துக்கொள்வதற்கும் ஆட்ட மரியாதையை மீறுவதற்கும் முதல் முறை எச்சரிக்கை. அதே சுற்றில் மீண்டும் மீறினால் ஒரு வீச்சு அபராதம். காலை வைக்கக் கூடாத இடத்தில் வைத்து வீசினால் எச்சரிக்கை எதுவும் கிடையாது. நேர விதியில் 30 விநாடி என்ற எண்ணை எல்லாரும் அறிவார்கள். அந்த 30 விநாடி எப்போது தொடங்குகிறது என்பதில்தான் கேள்வியே இருக்கிறது. முந்தையவர் வீசி முடித்திருக்க வேண்டும். தன் டிஸ்க் இருக்குமிடத்துக்கு வந்து குறியிடத் தேவையான நியாயமான நேரம் இவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். வீசும் முறை இவருடையதாக இருக்க வேண்டும். கவனத்தைச் சிதறடிக்கும் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கடிகாரம் ஓடவில்லை.

பழைய புத்தகத்திலிருந்து விடை எழுதுவது வெளியே தெரியாத ஆபத்து. வீசும் இடம், ஆட்டக்காரர்கள் ‘லை’ என்று சொல்வது, முன்பு மார்க்கர் டிஸ்க்கின் (இடத்தைக் குறிக்கும் டிஸ்க்) பின்னால் 30 செ.மீ. நீளமுள்ள ஒரு கோடாக இருந்தது. 2018 முதல் அது 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள செவ்வகம். பல ஆண்டுகள் ஆடியவர் பழைய கோட்டையே மனத்தில் வைத்திருந்து, சரியாக நின்ற ஒருவரைத் தவறாக நின்றதாகத் தீர்ப்பளிப்பார். கையிலிருக்கும் அச்சுப்பிரதி எந்த ஆண்டுக்குரியது என்று முதல் பக்கத்தில் பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் சங்கத்தின் தளத்தில் உள்ள நடப்புப் பதிப்பையே பயன்படுத்துவது நல்லது. நண்பர் ஒருவர் எழுதி வைத்த விடைப்பட்டியலை நம்பி உட்காருவது இதைவிட மோசமானது என்பேன். பட்டியல் எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை.

விதிப்புத்தகம் ஒன்றை மட்டும் திறந்து வைத்திருப்பதும் போதாது. போட்டிக் கையேடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. பதிவை விலக்கிக்கொள்ளுதல், பிரிவுகளுக்கான தகுதி, உடை, ஆட்டக்காரருக்கு உதவியாக வரும் கேடி, ஒழுங்கீனம் ஆகியவை அதில்தான் வருகின்றன. கேடியின் நடத்தைக்கு ஆட்டக்காரரும் பொறுப்பு என்பதை விதிப்புத்தகத்தில் தேடிக் களைத்துப்போய்க் கடைசியில் ஊகத்தில் குறிப்பவர்கள் உண்டு. இரண்டையும் தனித்தனிச் சாளரங்களில் திறந்து வைத்துக்கொண்டு, முன்னதாக ஒரு முறை உள்ளடக்கப் பட்டியலையாவது படித்துவிட வேண்டும்.

தங்கள் வட்டாரத்தில் வாரந்தோறும் ஆடும் நண்பர்கள் ஏற்றுக்கொண்ட வழக்கங்களை விதி என்று எண்ணுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்தை ஆட்டக்காரரின் காலிலிருந்து அடியெடுத்து அளப்பதைப் பல இடங்களில் காணலாம். விதி அளக்கச் சொல்வதோ மார்க்கர் டிஸ்க்கின் பின்விளிம்பிலிருந்து கூடையின் அடிவரை. அதேபோல், கூடையின் மேல்பகுதியில் போய் உட்கார்ந்த டிஸ்க்கை நண்பர்கள் தாராள மனத்தோடு ஏற்றுக்கொள்வார்கள், தேர்வு ஏற்காது.

தேர்வுக்கு வெளியே நேரும் தடங்கல்களைச் சுருக்கமாகச் சொன்னால், போட்டிப் பதிவு முடியும் நாள் வரை காத்திருந்து எழுதுவது, உறுப்பினர் எண் இணையாத வேறொரு கணக்கில் எழுதுவது, சான்றிதழின் காலவரை முடிந்துவிட்டதைக் கவனிக்காமல் இருப்பது ஆகிய மூன்றுமே அடிக்கடி நடப்பவை. பதிவு செய்ய எண்ணும் போதே தன் கணக்கில் சான்றின் நிலையைப் பார்த்துவிட்டால், தேவையானால் மறுபடி எழுதுவதற்கு நேரம் இருக்கும்.

சான்று கைக்கு வந்த பிறகு செய்யும் தவறு ஒன்றும் உண்டு. தகுதி பெற்றவுடன் தன் குழுவில் எழும் ஒவ்வொரு கருத்து வேறுபாட்டுக்கும் தானே அலுவலராகத் தீர்ப்புச் சொல்லலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். போட்டியில் ஆடிக்கொண்டிருக்கும் அலுவலர் தன் பிரிவில் ஆடுபவர்களுக்கு அலுவலராகச் செயல்பட முடியாது. அங்கே அவர் குழுவில் ஒருவர் மட்டுமே. குழுவின் பெரும்பான்மைதான் முடிவு செய்யும், பெரும்பான்மை அமையாவிட்டால் வீசியவருக்குச் சாதகமான பொருளே கொள்ளப்படும். இதுவும் தேர்வில் கேட்கத் தகுந்த கேள்விதான்.